கைரேகை விழாத கைகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் 2017-ல் நடந்தது. பேர் வேண்டாம். வருகைப் பதிவுக்குக் கைரேகை மெஷின் வைத்தார்கள். கிரைண்டிங் செக்‌ஷனில் இருந்த எங்கள் பதினோரு பேருக்கு அது லேசில் பச்சை விளக்கு காட்டாது. வருஷக்கணக்காக, மெஷினைக் குளிர்விக்கும் கூலன்டில் ஊறி, வீலில் உரசி, விரல் நுனி வழவழவென்று ஆகிவிட்டது. ரேகைக்கு எங்கே போவது? சட்டையில் துடைத்து, ஊதி, மறுபடி மறுபடி வைத்து, அது எடுத்துக்கொள்வதற்குள் ஷிஃப்ட் தொடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். சம்பளச் சீட்டில் அரை நாள், அரை நாளாக வெட்டு.

சூப்பர்வைசர் "கையை நல்லாக் கழுவிட்டு வைங்கப்பா" என்றார். எச்.ஆரில் "பார்க்கலாம்" என்றார்கள். மூன்று மாசம் ஓடியது. வேலையை நிறுத்திவிட்டு கேட்டில் உட்காரலாம் என்று கிளம்பியவர்களில் நானும் ஒருவன். சங்கச் செயலாளர் அண்ணன்தான் மறித்தார். பத்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து நோட்டீஸ் இல்லாமல் வேலையை விட்டால் எட்டு நாள் சம்பளம் வரை பிடிக்க ஊதியச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். "அரை நாளுக்கு எட்டு நாளைத் தாரை வார்க்கப் போறீங்களா? இதுவரைக்கும் என்ன எழுதிக் கொடுத்தீங்க?" எங்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அன்று ராத்திரியே மனு எழுதினோம், இரண்டு பிரதி. நம் பிரதியில் தேதி முத்திரை வாங்காமல் எச்.ஆர். அறையை விட்டு வரக் கூடாது என்பதில் அண்ணன் கறார். அங்கிருந்த தம்பி "சீல் இல்ல சார்" என்றான். "பரவாயில்லப்பா, இருக்கோம்" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரத்தில் சீல் கிடைத்தது.

இருபது பேர் வேலை செய்தாலே குறைதீர்க்கும் குழு வேண்டும் என்பது அப்போதே சட்டம். இரு தரப்பிலும் சரிபாதியாக மொத்தம் ஆறு பேர் வரை, மனுவை முடிக்க 45 நாள் கெடு. (2025 நவம்பர் 21 முதல் புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் பத்து பேர் வரை, 30 நாள், குறை ஏற்பட்டு ஒரு வருஷத்துக்குள் மனு போட்டாக வேண்டும்.) எங்கள் குழு அதுவரை நோட்டீஸ் போர்டில் மட்டும்தான் இருந்தது. மனுவுக்கு அப்புறம்தான் கூடியது. அங்கே எங்களைக் காப்பாற்றியது செக்யூரிட்டியின் கேட் நோட்டு. ஷிஃப்ட் ஆறு மணிக்கு. கம்பெனி பஸ் உள்ளே வந்தது 5.40, 5.42 என்று தினமும் பேனாவில் எழுதி வைத்திருந்தார், புண்ணியவான். நிர்வாகத் தரப்பு "இனிமே சரி பண்றோம்" என்றது. வெட்டிய பணத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. மேல்முறையீட்டிலும் அதே கதை.

அப்புறம் சங்கம் 2கே மனு, அதாவது தொழில் தகராறு மனு, போட்டு, தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மூன்று வாய்தா. கடைசி வாய்தாவில், வராந்தாவில் வைத்தே மேனேஜர் "18(1) போட்டு முடிச்சுக்கலாமே" என்றார். அண்ணன் அசையவில்லை. அப்போதைய தொழில் தகராறு சட்டத்தில் 18(1) என்றால் இரு தரப்பும் நேரடியாகப் போடும் ஒப்பந்தம், கையெழுத்துப் போட்ட தரப்புகளோடு சரி. அரசின் சமரச அலுவலர் முன்னால் 12(3) ஒப்பந்தம் போட்டால் எல்லாத் தொழிலாளிக்கும் பொருந்தும். எங்கள் பதினோரு பேரில் இரண்டு பேர் சங்கத்திலேயே இல்லை, சந்தாவும் கட்டியதில்லை. எனக்கு அப்போது கொஞ்சம் எரிச்சல்தான். அவர்களுக்கும் சேர்த்தே 12(3) ஆனது. கிரைண்டிங்குக்கு ஸ்வைப் கார்டு, பிடித்த பணம் அடுத்த சம்பளத்தோடு.

அதற்கப்புறம் அந்தத் தம்பி எங்கள் யூனிஃபார்மைத் தூரத்தில் பார்த்தாலே டிராயரைத் திறந்து சீலை எடுத்து மேசையில் வைத்துவிடுவான்.