மூன்று மாத்திரை சாப்பிட்டும் இறங்காத இரத்தக் கொதிப்பு: நான்காவதற்கு முன் என்ன பார்க்கவேண்டும்?

சாந்தி, பிறை:

வணக்கம். என் கணவருக்கு 44 வயது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் மேற்பார்வையாளர். இரத்தக் கொதிப்புக்கு அம்லோடிபின் 10 மில்லிகிராம், பெரிண்டோபிரில் 8, ஹைட்ரோகுளோரோதயாசைட் 25 என்று மூன்று மாத்திரை சாப்பிடுகிறார். இருந்தும் 160/100-க்குக் கீழே இறங்குவது அபூர்வம்.

நாங்கள் போகும் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் ஒரே பேச்சு: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, உப்பைக் குறைத்தாரா? சாப்பிடுகிறார். அவர் பாலம் தாண்டி வீட்டுக்கு வந்ததும் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் எவர்சில்வர் கிண்ணத்தில் மூன்றையும் போட்டு வைப்பேன். விழுங்கித் தண்ணீர் குடித்து முடிக்கிறவரை அந்த இடத்தை விட்டு நான் நகர்வதில்லை. கருவாடு, அப்பளம், ஊறுகாய் எல்லாவற்றையும் நிறுத்தியாகிவிட்டது. அவருடைய அப்பா 50 வயதில் பக்கவாதத்தில் விழுந்தவர். அதை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது.

போன இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.2 என்று குறைவாக வந்தது. வாழைப்பழம் சாப்பிடச் சொன்னார்கள், அவ்வளவுதான். தூக்கத்தில் கெண்டைக்கால் இழுக்கிறது என்கிறார். அடுத்த தடவை நான்காவது மாத்திரை தரப்போகிறார்களாம். அதற்கு முன் வேறு ஏதாவது பார்க்கும்படி கேட்கலாமா?

ராஜன், ஆயர் ஈத்தாம்:

முதலில் அழுத்தத்தைச் சரியாக அளக்கிறார்களா என்று உறுதி செய்துகொள்ளுங்கள், சகோதரி. பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். வீட்டில் எடுக்கும்போது முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பிறகு எடுங்கள். வேலை முடிந்து வந்த களைப்போடு வேண்டாம், தூங்கி எழுந்த பிறகு எடுக்கட்டும். ஒரு வாரம் எழுதி வையுங்கள். வீட்டுச் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால், மருத்துவரைக் கண்ட பதற்றம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

தனம், செந்தூல்:

சாந்தி, பணி ஓய்வு பெறும்வரை அரசாங்க மருந்தகத்தின் முகப்பில் நின்று மருந்து கொடுத்தவள் நான். வாங்கிய மாத்திரையைச் சாப்பிடாமல் வீட்டில் குவித்து வைக்கிறவர்கள் உண்டு. அதனால் அந்தக் கேள்வியைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் சாப்பிடுகிறார் என்று தெரிந்த பிறகும் அதே கேள்வியில் நிற்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். வெவ்வேறு வகை மருந்துகள் மூன்று, அதில் ஒன்று நீர் பிரியும் மாத்திரை, மூன்றும் முழு அளவில். அதற்கும் அடங்கவில்லை என்றால் காரணத்தைத் தேடியே ஆகவேண்டும்.

என் கண் அந்த 3.2-இல்தான் நிற்கிறது. நீர் மாத்திரையான ஹைட்ரோகுளோரோதயாசைட் பொட்டாசியத்தைக் குறைக்கும், உண்மை. ஆனால் பெரிண்டோபிரில் அதைப் பிடித்து வைக்கிற மருந்து. இரண்டும் சேர்ந்து சாப்பிடுகிறவருக்கு இவ்வளவு குறைந்தால், வாழைப்பழத்தோடு விட்டுவிடக் கூடாது.

சிறுநீரகங்களின் தலைமாட்டில் அட்ரீனல் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சுரக்கும் ஆல்டோஸ்டிரோன், உப்பைத் தங்கவைத்துப் பொட்டாசியத்தைச் சிறுநீரில் தள்ளிவிடச் சொல்லும். அது அளவு மீறிச் சுரந்தால், மூன்று மாத்திரை போட்டாலும் அழுத்தம் அசையாது. ஜெரோம் கான் என்ற அமெரிக்க மருத்துவர் இதை 1955-இலேயே எழுதிவிட்டார். பொட்டாசியம் குறைந்தவர்களிடம் மட்டும் தேடியதால் வெகுகாலம் அரிய நோய் என்றே நினைத்தார்கள். உண்மையில் இந்த நோய் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குப் பொட்டாசியம் சரியாகவே இருக்கும். 2024-இல் வந்த ஐரோப்பிய இதய மருத்துவர்களின் வழிகாட்டி, இரத்தக் கொதிப்பு உறுதியான பெரியவர்கள் எல்லாருக்குமே இந்தச் சோதனையைச் செய்வது பற்றி யோசிக்கச் சொல்கிறது. காரணம் உண்டு. அழுத்தம் ஒரே அளவில் இருந்தாலும் இந்த நோய் உள்ளவரின் இதயத்துக்கும் மூளைக்கும் சேதம் கூடுதல்.

ஆகவே ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கத் தூண்டும் ரெனின், ஆல்டோஸ்டிரோன் இரண்டையும் இரத்தத்தில் பார்க்கும்படி கேளுங்கள். நான்காவது மாத்திரை பெரும்பாலும் ஆல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோனாக இருக்கும். நல்ல மருந்துதான். 2015-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில், இப்படி அடங்காத நோயாளிகளுக்கு நான்காவதாகக் கொடுத்த மருந்துகளில் அதுதான் முந்தியது. ஆனால் அதைத் தொடங்கிவிட்டால் சோதனை முடிவு குழம்பிப்போகும், பல வாரம் நிறுத்திக் காத்திருக்க நேரிடும். இரத்தத்தை முதலில் எடுத்துவிடட்டும், மாத்திரை பிறகு வரட்டும். பொட்டாசியத்தைச் சரிசெய்துவிட்டு எடுப்பதும் முக்கியம், குறைந்திருந்தால் ஆல்டோஸ்டிரோனும் குறைத்துக் காட்டும். இப்போது சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவேண்டாம். பெரிண்டோபிரிலும் நீர் மாத்திரையும் ரெனினை ஏற்றிவிடும். அவற்றைச் சாப்பிட்டும் ரெனின் அடியில் கிடந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். குறட்டை விடுகிறாரா? வலி மாத்திரை ஏதாவது? கஷாயம், நாட்டு மருந்து?

சாந்தி, பிறை:

அக்கா, மூன்றுக்கும் ஆமாம் என்றுதான் சொல்லவேண்டியிருக்கிறது. குறட்டை பக்கத்து அறைவரை கேட்கும். நடுவில் மூச்சு நின்று, திணறி, மறுபடி இழுப்பார். முதுகுவலிக்கு மெஃபெனமிக் அமில மாத்திரை, வாரத்தில் பாதி நாள். தொண்டைக் கரகரப்புக்கு மாமியார் அதிமதுரம் தட்டிப்போட்டுக் காய்ச்சிக் கொடுக்கிறார். ஊரிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் கைமருந்து அது. அதையுமா குறை சொல்வீர்கள்?

தனம், செந்தூல்:

சொல்லத்தான் வேண்டும், சாந்தி. அதிமதுரத்தில் உள்ள கிளைசிரைசின் என்ற சத்து, உடம்பில் இயல்பாக இருக்கும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனையே ஆல்டோஸ்டிரோன் செய்கிற வேலையைச் செய்ய வைத்துவிடும். அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் இழுக்கும். இதே படம்தான். சீன மருந்துக் கடைக் கஷாயங்களிலும், பினாங்கில் விற்கும் உலர்ந்த பிளம்ஸ் சிலவற்றிலும் அதிமதுரம் சேர்கிறது. இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மாமியாரிடம் இதமாகச் சொல்லுங்கள், இத்தனை நாள் பாசத்தோடு கொடுத்திருக்கிறார். விளைவு வற்றச் சில வாரங்கள் ஆகும். அதையும் மருத்துவரிடம் சொன்னால்தான் சோதனையை எப்போது எடுப்பது என்று அவர் முடிவு செய்ய முடியும்.

மெஃபெனமிக் அமிலம் உப்பையும் நீரையும் தேக்கி, கொதிப்பு மருந்துகளின் வேலையைக் கெடுக்கும். பெரிண்டோபிரிலும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. பாராசிட்டமால் போதுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

தூக்கத்தில் மூச்சு நிற்பது தனிக் காரணம். அதற்கென்று தூக்கப் பரிசோதனை இருக்கிறது, முகமூடி போட்டுக் காற்றுத் தரும் கருவியும் இருக்கிறது. இரவு ஷிப்ட்காரர் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், அவர் தூங்கும் நேரத்தில் அல்லவா பார்க்கவேண்டும்.

நடுவில் 180/120-ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கைகால் பலமிழப்பு, பார்வை மங்கல், பேச்சுக் குழறல் எது வந்தாலும் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள். கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

சாந்தி, பிறை:

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன், அக்கா. வலி மாத்திரை அட்டையையும் அதிமதுரப் பொட்டலத்தையும் பையில் போட்டு எடுத்துப் போகிறேன். ஒன்று மட்டும். அந்தச் சுரப்பிதான் காரணம் என்றால் அறுவை சிகிச்சையா?

தனம், செந்தூல்:

எல்லாருக்கும் இல்லை. இன்னொரு உறுதிச் சோதனை, பிறகு ஸ்கேன். தேவைப்பட்டால் இரு பக்கச் சுரப்பி நாளங்களிலிருந்தும் இரத்தம் எடுத்து எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தச் சுரப்பியைச் சிறு துளைகள் வழியே எடுத்துவிடலாம். இரு பக்கமும் என்றால் மாத்திரைதான், அந்த ஸ்பைரோனோலாக்டோன். ஆண்களுக்கு அதில் மார்பு வீங்கி வலிக்கக்கூடும். அப்படி வந்தால் வெட்கப்பட்டு மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள், மாற்று மருந்து உண்டு.