தொப்பூர் மேட்டில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகிறது, எந்தக் கூலன்ட் நல்லது?

சங்ககிரி லோடு: அவசரம். தருமபுரி பக்கம் மேடு ஏறும்போது வண்டி சூடாகிறது. கூலன்ட் போன வாரம்தான் ஊற்றினேன். எதை மாற்றி ஊற்றலாம்? நாளை மறுநாள் பெங்களூர் லோடு.

கரூர் டீசல்: என்ன வண்டி, எத்தனை டன்? சமதளத்தில் எப்படி? தண்ணீர் குறைகிறதா? எதுவும் சொல்லவில்லையே தம்பி.

மலைப்பாதை: தெர்மோஸ்டாட்டை, அந்தச் சூட்டில் திறக்கும் வால்வை, கழற்றிவிடுங்கள் அண்ணே. எங்கள் ஷெட்டில் எல்லா வண்டிக்கும் அதுதான்.

பழைய ஃபிட்டர்: இதைப் பத்துத் தடவை எழுதியாகிவிட்டது, தேடிப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. பெரிய என்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸையும், அதாவது ரேடியேட்டருக்குப் போகாத குறுக்கு வழியையும், அடைக்கும். கழற்றினால் ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றும், மேட்டில் இன்னும் சூடாகும்.

மலைப்பாதை: மூன்று வருடமாக ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

பழைய ஃபிட்டர்: சமதளத்தில் ஓட்டியிருப்பீர்கள். லோடோடு தொப்பூர் ஏறிவிட்டு வந்து பேசுங்கள்.

சங்ககிரி லோடு: 12 சக்கரம், 25 டன். தினமும் காலையில் அரை லிட்டர் குறைகிறது. பழைய சிவப்பு கூலன்ட் கொஞ்சம் இருந்தது, அதன் மேலேயே பச்சை விட்டு, மீதிக்கு போர் தண்ணீர்.

கரூர் டீசல்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நிறத்தைப் பார்த்து கூலன்ட் வாங்கக் கூடாது, ஒவ்வொரு கம்பெனியும் ஒரு சாயம் போடும். வேறு வேறு வகையைக் கலந்தால் சில சமயம் கூழாகி ரேடியேட்டர் குழாயை அடைக்கும். போர் தண்ணீரில் சுண்ணாம்பு படியும். மொத்தத்தையும் வடித்துக் கழுவுங்கள். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் வகையை வாங்கி, டிஸ்டில்டு வாட்டர் பாதிக்குப் பாதி. கலக்காமல் கெட்டியாக ஊற்றினாலும் சூடு சரியாக இறங்காது. நான் வெறும் தண்ணீரில் ஓட்டியவன்தான். லைனரை, அதான் பிஸ்டன் ஓடும் குழாயை, வெளியே எடுத்தபோது ஒரு பக்கம் மட்டும் ஊசியால் குத்தியது மாதிரி வரிசையாகக் குழி, நகம் மாட்டியது. டீசல் என்ஜினில் லைனர் அதிர்ந்து அதிர்ந்து அப்படி ஆகும், அதைத் தடுக்கிற மருந்து கூலன்ட்டில்தான் இருக்கிறது.

அப்புறம் அந்த அரை லிட்டர் எங்கே போகிறது? ஆறிய வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஸ்டார்ட் செய்து பாருங்கள், குமிழி விடாமல் வந்தால் என்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கும். மூடி ரப்பரையும் பாருங்கள், அது அழுத்தம் பிடித்தால்தான் தண்ணீர் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். சூட்டில் மட்டும் திறந்துவிடாதீர்கள்.

சங்ககிரி லோடு: கழுவினேன், பழுப்பாகக் கூழ் வந்தது. மூடி ரப்பர் வெடித்திருந்தது, மாற்றிவிட்டேன். மேடு ஏறிவிட்டேன், முள் பாதியைத் தாண்டவில்லை. நன்றி அண்ணே.

கரூர் டீசல்: சந்தோஷம். குமிழி பார்த்தீர்களா? இன்னும் குறைகிறதா?

கரூர் டீசல்: தம்பி?