ஜமக்காளக் கடை வெப்சைட்: முகப்புல எழுதறது ஆளுக்கா, கூகுளுக்கா?

கூடுதுறை:
வணக்கமுங்க. பவானியில எங்களுக்கு ஜமக்காளக் கடை. ஆன்லைன்லயும் விக்கலாம்னு வெப்சைட் போட்டோம். செஞ்சு குடுத்தவங்க முகப்புப் பக்கத்துக்கு எழுதினது இப்படி ஆரம்பிக்குது: “சிறந்த பவானி ஜமக்காளம் வாங்க பவானி ஜமக்காளம் கடை. பவானி ஜமக்காளம் உற்பத்தியாளர், பவானி ஜமக்காளம் மொத்த விலை. ஈரோடு, கோவை, திருப்பூர், சேலம், கரூர், நாமக்கல், தாராபுரம், பொள்ளாச்சி பகுதிகளில் பவானி ஜமக்காளம்.” கீழ வரைக்கும் இதேதான். கூகுள்ல மேல வரோணும்னா இப்படித்தான் இருக்கோணுமாம். என்ற தங்கச்சி படிச்சுப்போட்டு, “இதப் பாத்தா நானே வாங்க மாட்டேன்”ங்கறா. நீங்க என்ன சொல்றீங்க?

நொய்யல்கரை:
தங்கச்சி சொல்றதுதான் சரிங்ணா. நான் திருப்பூர்ல மெர்ச்சண்டைசர். ஒரே வார்த்தையத் திணிக்கறதக் கூகுள் தன்னோட ஸ்பேம் விதிகள்லயே, அதாவது ஏமாத்து வேலைக்கு எதிரான விதிகள்லயே, தடுத்திருக்கு. மேல வரோணும்ங்கறதுக்காக ஊர்ப்பேரா அடுக்கற பத்தியையும் அங்கயே உதாரணமாக் காட்டியிருக்காங்க. உங்க ஈரோடு, கோவை, திருப்பூர் வரி அச்சு அசல் அதுதான். மொதல்ல அதத் தூக்குங்க.

காந்திபுரம்:
நான் எஸ்இஓ வேலையில, அதாவது கூகுள் தேடல்ல சைட்ட மேல கொண்டு வர்ற வேலையில இருக்கேன். திணிக்கறது தப்புங்கறதுல எனக்கும் மறுப்பில்ல. ஆனா “ஆளுக்காக எழுதினாப் போதும், மத்தத கூகுள் பாத்துக்கும்”னு சொல்றவங்களால ஆகற கேடும் சாமானியமில்ல. எத்தனையோ மில் சைட்டுல முகப்பு முழுக்க ஸ்லைடர், அதாவது மாறி மாறி வர்ற போட்டோ ஓடுது. “நூலில் நெய்த கனவுகள்”னு ஒரு வரி, அதுவும் போட்டோவுக்குள்ள பதிச்சது. கீழ விஷன், மிஷன். அங்க விக்கறது பெட்ஷீட்டா, துண்டா, நூலான்னு படிக்கற ஆளுக்கும் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது. தேடறவங்க என்ன வார்த்தை அடிக்கறாங்களோ அது பக்கத்துல எழுத்தா இருந்தே ஆகணும்.

நொய்யல்கரை:
கனவு, நம்பிக்கை, தரம்னு எழுதறத நானும் ஏத்துக்கல. அத எந்தக் கடைக்கும் போட்டுக்கலாம். நான் சொல்றது இந்த மாதிரி:

“பவானி கைத்தறி ஜமக்காளம். குழித்தறியில் நாங்களே நெய்து விற்கிறோம். வீட்டில் ஒருவர் படுக்கும் அளவு முதல் கல்யாணப் பந்தியில் விரிக்கும் அளவு வரை. பவானியிலிருந்து பார்சலில் அனுப்புகிறோம்.”

இதுல ஜமக்காளம்ங்கற வார்த்தை ஒரே ஒருக்காத்தான் வருது. என்ன சரக்கு, யாரு நெய்யறது, எதுக்கு ஆகும், எங்கிருந்து வருதுன்னு அத்தனையும் வந்துருச்சு. கூகுளுக்கு வேண்டியதும் இதுதானுங்க.

காந்திபுரம்:
ஆரம்பம் நல்லா இருக்கு. ஆனா போதாது. ஜமக்காளம்னு அடிக்கறவங்க இருக்காங்க, ஜமுக்காளம்னு அடிக்கறவங்களும் இருக்காங்க. இங்கிலீஷ் எழுத்துல இன்னும் நாலு விதம். மொத்த விலை, கல்யாண ஆர்டர்னு தேடறவங்க தனி. உங்க நாலு வரியில இவங்களுக்கெல்லாம் எங்க இடம்? எண்ணூறு வார்த்தையாவது இல்லாம நான் முகப்பு குடுக்கறதில்ல.

நொய்யல்கரை:
வார்த்தைக் கணக்குக்கு ஆதாரம் எதுங்க? குறைஞ்சது இத்தனை வார்த்தை இருக்கணும்னு ஒண்ணுமில்லன்னு கூகுளே சொல்லுது. எழுத்து மாறி அடிச்சாலும் பெரும்பாலும் புரிஞ்சுக்கும்னும் சொல்லுது.

காந்திபுரம்:
இங்கிலீஷ்ல புரிஞ்சுக்கற அளவுக்குத் தமிழ்ல அத நம்பி நான் உக்கார மாட்டேன். சைட் வெச்சிருக்கறவங்களுக்குக் கூகுள் குடுக்கற சர்ச் கன்சோலத் தொறந்து பாருங்க, எந்த வார்த்தைக்கு உங்க பக்கம் காட்டப்பட்டுச்சுன்னு தெரியும். ஜமுக்காளம்னு நிறையப் பேரு தேடறது அங்க தெரிஞ்சா, அதையும் ஒரு எடத்துல இயல்பா எழுதுறதுல என்ன தப்பு?

சென்னிமலை நெசவு:
ரெண்டு பேரும் கூகுளப் பத்தியே பேசறீங்க, வாங்கறவங்களப் பத்தி யாரும் பேசக்காணோம். எங்க வீட்டுலயும் தறிதான், போன் எடுக்கறது நாந்தான். “அக்கா, எத்தன அடி?”, “சாயம் போகுமா?”, “மெஷின்ல தொவைக்கலாமா?”, “கைத்தறிதானா, பவர்லூமா?” இதத்தான் கேக்கறாங்க. கூடுதுறை அண்ணா, உங்களுக்கும் இதே கேள்விதான வரும்? அந்தக் கேள்வியையே தலைப்பா வெச்சு பதில எழுதுங்க. தேடறவங்களும் அந்த வார்த்தையிலதான் தேடுவாங்க.

இன்னொண்ணு. பவானிச் சரக்குல ரெண்டு வகை. தடிச்ச பருத்தி நூல்ல பட்டை பட்டையா வண்ணம் வெச்சு நெய்யறது ஒண்ணு. கரையில செயற்கைப் பட்டு நூல் போட்டு டிசைன் எடுக்கறது இன்னொண்ணு, அது கொஞ்சம் மிருதுவா இருக்கும். இது தெரியாம வெலையப் பாத்துட்டு ஏமாந்துட்டோம்னு நெனைக்கறவங்க உண்டு. எழுதிக் குடுத்த ஆளுங்க இத ஒரு வரி சொல்லல பாருங்க, எனக்கு அதுதான் ஆத்தாமையா இருக்கு. இது புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ச் சரக்குங்கற சட்டப்படியான அடையாளம், இருக்கற சரக்கு. ஆனா நீங்க அந்தக் குறியீட்டுக்குப் பயன்படுத்துநராப் பதிஞ்சிருந்தா மட்டும் அந்த முத்திரையப் போடுங்க.

காந்திபுரம்:
அக்கா சொல்றத அப்படியே ஏத்துக்கறேன். இப்பப் பாருங்க, அந்தக் கேள்வி பதில எல்லாம் எழுதினா என்னோட எண்ணூறு தானா வந்துரும்!

நொய்யல்கரை:
வரட்டும், விசயத்தோட வந்தா யாரு வேண்டாங்கறா. ஆனா எல்லாத்தையும் முகப்புலயே கொட்டாதீங்க. ரெண்டு வகைக்கும் தனித்தனிப் பக்கம், மொத்த ஆர்டருக்கு ஒரு பக்கம். “பருத்தி ஜமக்காளம்”, “கல்யாண மொத்த ஆர்டர்”னு லிங்க்லயே தெளிவா எழுதுங்க, “மேலும் அறிய”ன்னு விடாதீங்க. கடைப்பேரத் தேடறவங்க முகப்புக்கு வருவாங்க, பொருளத் தேடறவங்க அந்தந்தப் பக்கத்துக்குப் போகட்டும்.

கூடுதுறை:
அப்ப ஊருக்கு ஒரு பக்கம் போடலாமுங்களா? அவங்க அதையும் செஞ்சு தர்றோம்னாங்க. கீவேர்டுன்னு ஒரு கட்டம் இருக்குது, அதுல ஏகப்பட்டத அடைச்சிருக்காங்க.

காந்திபுரம்:
கீவேர்ட் மெட்டா டேகக் கூகுள் தரவரிசைக்கு எடுத்துக்கறதில்லன்னு 2009லயே சொல்லியாச்சு. அந்தக் கட்டத்துக்குக் காசு குடுக்காதீங்க. டைட்டில்லதான், அதாவது ரிசல்ட்ல லிங்கா வர்ற தலைப்புலதான் கவனம் வேணும். இப்ப “ஹோம்”னு இருந்தா, “பவானி கைத்தறி ஜமக்காளம்”னு முன்னால வெச்சு, பின்னால கடைப்பேரப் போடுங்க. நீளமாப் போனா ரிசல்ட்ல வெட்டிடும். டிஸ்கிரிப்ஷன், அதாவது பக்கத்தப் பத்தின சுருக்கம், வரிசைய ஏத்தாது, ஆனா லிங்குக்கு அடியில அது வரலாம், அதனால அத ஆளுக்குன்னே எழுதுங்க. ஊருக்கு ஒரு பக்கம்ங்கறது, நெஜமா அந்த ஊர்ல கடை இருந்தாச் சரி. பேர மட்டும் மாத்தி ஒரே எழுத்த ஒட்டினா அது டோர்வே பக்கம், அதுவும் ஸ்பேம் விதியில வரும். பக்கத்து ஊர்க்காரங்க மேப்புல தேடறதுக்கு, அங்க கடை விவரத்தக் காட்டற கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல ஒழுங்கா வெச்சுக்கங்க.

கூடுதுறை:
ரொம்ப நன்றிங்க. வெலைய முகப்புல போடலாமுங்களா?

சென்னிமலை நெசவு:
போடுங்கண்ணா. “இத்தனை ரூபாயிலிருந்து”ன்னாவது போடுங்க. வெல தெரியாம போன் பண்ணக் கூச்சப்படறவங்க அப்படியே போயிருவாங்க.

காந்திபுரம்:
இதுல நான் மாறுபடறேன். நூல் வெல ஏறி எறங்குது, முகப்புல பழைய வெல நின்னுட்டா சண்டை வரும். பொருள் பக்கத்துல போதும்.

நொய்யல்கரை:
நூல் வெல மாறினா அன்னைக்கே முகப்பையும் மாத்தறதுதானுங்க முறை. அஞ்சு நிமிச வேலை. நான் அக்கா பக்கம்.

காந்திபுரம்:
மாத்த ஆள் இருந்தாப் போடட்டும். எப்படி வெச்சாலும் கூடுதுறை, எழுதினத போன்ல தொறந்து பாத்துட்டு விடுங்க. மொபைல் பக்கத்தத்தான் கூகுள் முதன்மையாப் படிக்குது, 2016ல அறிவிச்சு 2023ல அந்த மாத்தத்த முடிச்சாங்க. கம்ப்யூட்டர்ல மட்டும் தெரியற பத்தி, இல்லாத பத்திதான்.