நல்லூர்க் கொடியேற்றம் வருது, ரெண்டு மாசக் குட்டிக்கு என்ன சாப்பாடு குடுக்கிறது?

கொக்குவில்_நிலா:

வணக்கம் எல்லாருக்கும். போன கிழமை எங்கட வீட்டுக்கு ஒரு குட்டி வந்திருக்கு, கடுவன், அல்சேஷன் கலப்பு எண்டு தந்த அண்ணை சொன்னவர், தாய் அல்சேஷன், தகப்பன் ஆரெண்டு வைரவருக்குத்தான் தெரியும். ரெண்டு மாசம் முடிஞ்சிட்டுது, நிறை 4 கிலோ. நல்ல துடியாட்டம், செருப்பு ஒண்டும் மிச்சமில்லை.

பிரச்சினை என்னெண்டா சாப்பாட்டு விசயத்தில ஆளுக்கொரு கதை சொல்லினம். அம்மம்மா சொல்லுறா சோறும் மீன் தலையும் குழைச்சுப் போட்டாக் காணும், முந்தி அவயள் வளத்த நாயெல்லாம் அப்பிடித்தான் வளந்ததாம். கனடாவில இருக்கிற மாமா ட்ரை பூட்டைத் தவிர ஒண்டும் வாயில வைக்க விடாதேங்கோ எண்டு வட்சப்பில வொய்ஸ் மெசேஜுக்கு மேல வொய்ஸ் மெசேஜ் போடுறார். குட்டி தந்த அண்ணை கல்சியம் பவுடர் கட்டாயம் வேணும், இல்லாட்டி காது நிமிராது கால் வளைஞ்சிடும் எண்டு பயப்படுத்திப்போட்டார். இப்ப நாங்கள் பால்மா கரைச்சு அதுக்குள்ள மாரி பிஸ்கற் ஊறவைச்சுக் குடுக்கிறம், ரெண்டு நாளா வயித்தாலை போகுது, ஆனா ஓடித் திரியுறார், சோர்வில்லை.

இதுக்குள்ள அடுத்த தலையிடி, நல்லூர்க் கந்தசுவாமி கோயில் கொடியேறப்போகுது. எங்கட வீட்டில திருவிழா 25 நாளும் மச்சம் இல்லை, முட்டை கூடக் குசினிக்குள்ள வராது, அம்மா அதில கடும் கண்டிப்பு. வளருற குட்டியை அவ்வளவு நாளும் பருப்பும் சோறும் குடுத்து வைச்சிருக்கலாமோ? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ. ட்ரை பூட் எண்டா எது பாத்து வாங்கிறது, ஒரு நாளைக்கு எத்தினை தரம் குடுக்கிறது எண்டதையும் சொன்னாப் புண்ணியம்.

சுன்னாகம்_சீலன்:

முதல் அந்தப் பாலை நிப்பாட்டுங்கோ தங்கச்சி. தாய்ப்பால் மறந்த குட்டிக்கு மாட்டுப்பாலும் பால்மாவும் கனக்கச் செமிக்காது, அதில இருக்கிற லக்ரோஸ் எண்ட பால் சீனிதான் வயித்தைக் குழப்பும். ஆட்டுப்பால் நல்லம் எண்டு ஆரும் வந்து சொல்லுவினம், அதிலயும் அதே சாமான்தான் இருக்கு. பிஸ்கற்றில மாவும் சீனியும் தவிர என்ன இருக்கு.

ட்ரை பூட் வாங்கிறதெண்டா பெடிகிரி, ட்ரூல்ஸ், ஸ்மார்ட்ஹார்ட், றோயல் கனின் எண்டு கனக்க இருக்கு, காசுக்குத் தக்க மாதிரிப் பாருங்கோ, ஆனா பக்கற்றில 'பப்பி' எண்டு போட்டிருக்கோணும், பெரிய நாயின்ர பக்கற்றை வாங்கிக் குட்டிக்குக் குடுக்கிறேல்லை. இன்னொண்டு, சில கடையள்ல பெரிய சாக்கை வெட்டி வைச்சுக் கிலோக் கணக்கில நிறுத்து விப்பினம், மலிவு எண்டு அதுக்குப் போகாதேங்கோ. எங்கட வெக்கைக்கு அதில இருக்கிற கொழுப்புக் காறிப் போகும், சத்தும் குறையும், திகதியும் தெரியாது, என்ன பிராண்ட் எண்டதே கடைக்காரர் சொல்லுறதுதான். சின்னப் பக்கற்றா வாங்கி, பக்கற்றோடயே மூடி போட்ட வாளிக்குள்ள வையுங்கோ, எறும்பும் வராது.

இந்த வயசுக்கு நாலு நேரம், மூண்டு மாசம் கழிய மூண்டு நேரம், ஆறு மாசத்துக்குப் பிறகு ரெண்டு நேரம் காணும். பல்லு சின்னன், இளஞ்சூட்டுத் தண்ணியில கொஞ்ச நேரம் ஊறவிட்டுக் குடுங்கோ.

பாசையூரான்:

அம்மம்மா சொன்னதில பாதி சரி பாதி பிழை. மீன் நல்ல சாமான், எங்கட பக்கத்து நாயளின்ர மயிரைப் பாருங்கோ பளபளக்கும், ஆனா எந்த மீன் எப்பிடிக் குடுக்கிறது எண்டு இருக்கு. பெரிய மீன் தலையில முள்ளு மொத்தம், குட்டிக்குத் தொண்டையில ஏறினா பேந்து ஓடித் திரியோணும். சூடை, நெத்தலி மாதிரிச் சின்ன மீன்தான் தோது. குடல் எடுத்து, உப்புப் போடாம, குக்கரில நல்லா அவியவிட்டா முள்ளு விரலால நசிக்க நசியும், சோத்தோட அப்பிடியே பிசைஞ்சு போடலாம், கல்சியமும் அந்த முள்ளிலயே வந்திடும். நசியாட்டி இன்னும் அவிய விடுங்கோ, அவசரப்பட்டுக் குடுக்காதேங்கோ.

பச்சையாக் குடுக்கவே கூடாது. சாளை, நெத்தலி மாதிரிச் சில மீன்களில பி1 விற்றமினை அழிக்கிற ஒரு சாமான் இருக்கு, அவிச்சா அது போயிடும். மற்றது கருவாடு, உப்பு மெத்தக் கூட, அதையும் தொடாதேங்கோ. குழம்பில போட்ட மீனைக் கழுவிக் குடுக்கிறம் எண்டு சிலபேர் சொல்லுவினம், கழுவினாலும் வெங்காயமும் உள்ளியும் ஊறினது ஊறினதுதான், ரெண்டும் நாயின்ர ரத்தத்துக்குக் கூடாது. குட்டிக்குச் சமைக்கிறதெண்டா தாளிக்க முதல், உப்புப் புளி போட முதல் எடுத்து வைக்கோணும்.

அப்பையா67:

நாங்கள் அல்சேஷன் வளக்கிற காலத்தில இந்தப் பவுடர் பக்கற் ஒண்டும் இல்லை. சோத்தில குண்டுமணியளவு வெத்திலைச் சுண்ணாம்பு கலந்து குடுப்பம், எலும்பு நல்லா வைச்சுது. ஆட்டுக்காலை அவிச்சு எலும்பைப் போட்டா நாள் முழுக்கச் சத்தமில்லாமக் கடிச்சுக்கொண்டு கிடக்கும். இப்பத்தைப் பிள்ளையள் எல்லாத்துக்கும் டொக்டரிட்ட ஓடினம்.

பேராதனை_வெற்:

அப்பையா ஐயா குறை நினைக்காதேங்கோ, சுண்ணாம்பு வேண்டாம். அது காரமான சாமான், குட்டியின்ர வாயையும் தொண்டையையும் புண்ணாக்கும். அவிச்ச ஆட்டெலும்பும் ஆபத்து, அவிச்சா எலும்பு கூரா உடையும், குடலைக் கிழிச்சா ஒப்பரேஷன்தான்.

நான் பேராதனையில கால்நடை மருத்துவம் படிக்கிறன், ஊர் மானிப்பாய். நிலா கேட்டதில முக்கியமான விசயம் கல்சியம்தான், ஏனெண்டா அதிலதான் எங்கட ஆக்கள் ரெண்டு பக்கமும் விழுறவை. தனி இறைச்சியும் சோறும் மட்டும் குடுக்கிற வீட்டில குட்டிக்குக் கல்சியம் காணாமப் போகும். இறைச்சியில பொஸ்பரஸ் இருக்கும், கல்சியம் இல்லையெண்டே சொல்லலாம், அப்ப உடம்பு தன்ர எலும்பில இருந்து கல்சியத்தை எடுக்கத் தொடங்கும், கால் வளையும், சும்மா கதிரையில இருந்து குதிச்சாலே எலும்பு முறியும். மற்றப் பக்கம், பப்பி ட்ரை பூட்டும் குடுத்து அதுக்கு மேல கல்சியம் பவுடரும் போடுறவை. அது இன்னும் மோசம். ஆறு மாசத்துக்கு உட்பட்ட குட்டிக்குக் கூடிப்போற கல்சியத்தைத் தடுத்து வைக்கிற சக்தி குறைவு, குடுக்கிறதில பெரிய பங்கை உடம்பு உள்ள இழுக்கும், பெரிய சாதிக் குட்டியளுக்கு மூட்டும் எலும்பும் பிழையா வளந்துபோகும். அல்சேஷன் கலப்பெண்டா நீங்கள் இதில கவனமா இருக்கோணும். காது நிமிருறதுக்கும் கல்சியப் பவுடருக்கும் சம்பந்தமில்லை, அது குருத்தெலும்பு, பரம்பரை, பல்லு விழுற காலத்தில நிமிந்த காதும் திரும்ப விழும். உங்கட ஆளுக்குத் தகப்பன்ர காது வந்திருந்தா நிமிராமலே போகலாம், அதுவும் வடிவுதான்.

பக்கற்றில என்ன பாக்கிறதெண்டா, அமெரிக்காவில நாய்ச் சாப்பாட்டுக்கு அளவு வைக்கிற ஆஃப்கோ எண்ட அமைப்பு வளருற குட்டிக்கு ஈரமில்லாத கணக்கில புரதம் ஆகக்குறைஞ்சது 22.5 வீதம், கொழுப்பு 8.5 வீதம் எண்டு சொல்லுது, வளந்து முடிஞ்ச நாய்க்குப் புரதம் 18 காணும். கல்சியம் 1.2 வீதத்துக்குக் குறையக்கூடாது, வளந்தா 32 கிலோவுக்கு மேல போகக்கூடிய சாதியெண்டா 1.8 ஐத் தாண்டவும் கூடாது. பக்கற்றின்ர பின்பக்கத்தில 'குரோத்' இல்லாட்டி 'ஓல் லைஃப் ஸ்டேஜஸ்' எண்டு போட்டிருந்தாக் குட்டிக்குக் குடுக்கலாம், 'லார்ஜ் பிரீட் பப்பி' கிடைச்சா உங்களுக்கு அதுதான் தோது. முன்பக்கத்தில இருக்கிற நாய்ப் படத்தைப் பாத்து வாங்காதேங்கோ.

அம்மம்மாவின்ர சாப்பாட்டைக் கைவிடத் தேவையில்லை. பாசையூரான் சொன்ன மாதிரி முள்ளோட அவிச்ச சின்ன மீன் நல்லம், அதில கல்சியமும் பொஸ்பரஸும் சேந்து வருது. முட்டைக் கோதை அரைச்சுப் போடுறதும் நடக்கும், ஆனா அதில கல்சியம் மட்டும்தான், ஒரு கோதில கிட்டத்தட்ட 2 கிராம் இருக்கும், அதாலை கண்ட பாட்டுக்குப் போடாதேங்கோ. நான் எண்டா நாலு நேரத்தில மூண்டு நேரம் பப்பி பூட், ஒரு நேரம் சின்னனா அம்மம்மாவின்ர கையால சோறும் மீனும் பூசணிக்காயும். ரெண்டு பேருக்கும் மனசு நிறையும், மாமாவுக்குச் சொல்லத் தேவையில்லை.

வயித்தாலை போறது பால் நிப்பாட்டி ஒண்டு ரெண்டு நாளில சரிவரோணும். ரத்தம் கண்டா, சத்தி எடுத்தா, சோந்துபோய்ப் படுத்தா இஞ்ச எழுதிக்கொண்டிருக்காமல் உடன டொக்டரிட்டக் கொண்டு ஓடுங்கோ, பார்வோ எண்ட வைரஸ் வருத்தம் எண்டா மணித்தியாலக் கணக்குத்தான். பூச்சி மருந்து குடுத்ததோ? தாயிட்ட இருந்தே பூச்சி வரும், மூண்டு மாசம் வரை ரெண்டு கிழமைக்கொருக்கா, பிறகு ஆறு மாசம் மட்டும் மாசமொருக்கா. பூச்சி இருந்தா நீங்கள் எவ்வளவு நல்ல சாப்பாடு குடுத்தும் வயிறுதான் ஊதும்.

நீர்வேலி_அக்கா:

நிலா, உங்கட நல்லூர்க் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை, ஆம்பிளையள் எல்லாம் மீனிலயே நிண்டிட்டினம். எங்கட வீடு வருசம் முழுக்கச் சைவம், நாய் மட்டும் மச்சம், இண்டைக்கு வரைக்கும் சண்டை இல்லை. கோடிப்பக்கம் மூண்டு கல்லு வைச்சு நாய்க்கெண்டு தனிச் சட்டி, தனி அகப்பை, ஒண்டும் குசினிக்குள்ள வராது. ஆனா கொடியேறினா அதையும் மூடிப்போடுவம், அந்த 25 நாளும் ட்ரை பூட்தான். சமைக்கிற வேலையில்லை, மணமும் முத்தத்தோட சரி, வாளியை விறகுக் கொட்டிலுக்குள்ள வைச்சிட்டா அம்மாவின்ர கண்ணிலயும் படாது. அவ மறுத்தா வைரவற்ற வாகனத்தைப் பட்டினி போட்டிட்டு முருகனிட்டப் போய் என்ன கேக்கிறது எண்டு கேளுங்கோ, என்ர மாமி அதில அடங்கினவ.

ஆனா கொடியேறின அண்டைக்குத் திடீரெண்டு மாத்தாதேங்கோ, ஒரு கிழமைக்கு முதலே தொடங்கோணும். முதல் ரெண்டு நாள் கால் பங்கு புதுச்சாப்பாடு, பிறகு பாதி, பிறகு முக்கால். தேர், தீர்த்தம் எண்டு விடியக்காலமை எல்லாரும் கிளம்பிப் போவியள், குட்டிக்கு ஆர் போடுறது எண்டதையும் முதலே கதைச்சு வையுங்கோ.

மற்றது கோயிலால வாற சாமான்களில கவனம். சக்கரைப் புக்கையிலயும் பஞ்சாமிர்தத்திலயும் பிளம்ஸ், அதுதான் காய்ஞ்ச திராட்சை, கிடக்கும், திராட்சைப் பழமும் பிளம்ஸும் நாய்க்குச் சிறுநீரகத்தை அடிச்சுப்போடும், கொஞ்சம் எண்டாலும் குடுக்கிறேல்லை. திருவிழாவுக்கு வெளிநாட்டில இருந்து வாறவை கொண்டாற சொக்கிலேற்றும் அப்பிடித்தான், சின்னப் பிள்ளையள் பாசத்தில ஊட்டி விட்டிடுவினம்.

கொக்குவில்_நிலா:

எல்லாருக்கும் பெரிய நன்றி. பால் நிப்பாட்டினதோட வயிறு சரியாகிக்கொண்டு வருது. பூச்சி மருந்து ஒருக்காக் குடுத்ததாம், அடுத்தது வாற கிழமை. அம்மா கொட்டிலுக்கு ஓம் எண்டிட்டா, ஆனா பக்கற்றில இருக்கிற கோழிப் படத்தை மறைக்கோணுமாம். பேராதனை அண்ணை, ரெண்டு கேள்வி இருக்கு. ஒரு நாளைக்கு எவ்வளவு குடுக்கிறது எண்டு எப்பிடிக் கணக்குப் பாக்கிறது, வைக்கிறதெல்லாம் நக்கிப்போட்டு இன்னும் வேணும் எண்டு பாக்கிறார். மற்றது பருப்பும் சோயாமீற்றும் மட்டும் குடுத்தா உண்மையாவே காணாதோ, அம்மா இன்னும் கேக்கிறா.

பேராதனை_வெற்:

4 கிலோக் குட்டிக்கு இந்த வயசில ஒரு நாளைக்கு 600 கலோரி அளவில வேணும். நாலு மாசத்துக்குப் பிறகு நிறையோட ஒப்பிட்டாத் தேவை குறையும், ஆனா நிறை கூடிக்கொண்டு போறதால கிழமைக்கொருக்கா நிறுத்துப் பாத்து மாத்தோணும். பக்கற்றில நிறைக்கு எத்தினை கிராம் எண்டு அட்டவணை இருக்கும், அதில தொடங்குங்கோ, வீட்டுச் சாப்பாடு ஒரு நேரம் குடுக்கிறியள் எண்டா அந்தளவுக்கு அதைக் குறையுங்கோ. பிறகு கையை விலாவில வைச்சுத் தடவிப் பாருங்கோ, எலும்பு கைக்குத் தட்டுப்படோணும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக்கூடாது. அவர் பாக்கிற பார்வையை நம்பாதேங்கோ, லாப்ரடோர் சொந்தம் ஏதும் இருக்கோ தெரியாது. பெரிய சாதிக் குட்டி கொழுத்துக் கெதியா வளந்தா மூட்டுக்குத்தான் கேடு, மெல்ல வளந்தாலும் உயரம் குறையாது.

பருப்பும் சோயாவும் பக்கத்துணைக்குச் சரி, உப்பு, தூள், வெங்காயம் இல்லாம அவிச்சதெண்டா. அதை மட்டும் நம்பினா குட்டிக்கு பி12 இல்லை, கல்சியம் காணாது, பருப்பில மெதியோனின் எண்ட அமினோ அமிலமும் குறைவு. வளந்த நாயை நல்லாக் கணக்குப் பாத்துச் செய்த சைவச் சாப்பாட்டில வைச்சிருக்கலாம், ரெண்டு மாசக் குட்டியில அந்தப் பரீட்சை வேண்டாம்.

சுன்னாகம்_சீலன்:

கோழிப் படத்துக்கு மேல ஒரு கலண்டர்த் தாளை ஒட்டுங்கோ, சாமிப் படம் உள்ள தாளா இல்லாமப் பாருங்கோ, பிறகு அது வேற பிரச்சினை. தடுப்பூசி முடியுமட்டும் ஆளை றோட்டில இறக்காதேங்கோ. நிமிராத காதோட ஒரு படம் போடுங்கோவன் பாப்பம்.