மழையில் பிடிக்காத ராடு பிரேக்: வடசென்னையில் வழி உண்டா?

வண்டி 28 இன்ச் கறுப்பு சைக்கிள். ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுத்துக் கட்டையை ரிம்மில் அழுத்தும் வகை), ஸ்டீல் ரிம், முன்னால் 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40. கேரியரில் 12 கிலோ டெலிவரி பை. ஓட்டம் தண்டையார்பேட்டை முதல் திருவொற்றியூர் வரை, டி.எச். ரோட்டில் (திருவொற்றியூர் ஹை ரோடு), மாலை 6 முதல் 11 வரை.

மழை தொடங்கிய இந்த 2 வாரமாகத்தான் தொல்லை. காய்ந்த ரோட்டில் குறையே இல்லை. ரிம் நனைந்தால், லீவரை முழுக்க அழுத்தியும் சக்கரம் 3 சுற்று வழுக்கி ஓடுகிறது. கட்டை தண்ணீரை வழித்த பிறகுதான் கிறீச்சென்று பிடிக்கிறது. 3 சுற்று என்றால் 20 அடிக்கு மேல். முன்னால் போகும் கன்டெய்னர் லாரி அவ்வளவு இடம் விடாது.

பிரேக் கட்டை நாலும் மாற்றியாச்சு. ரிம்மின் உள்விளிம்பை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ராடு நட்டை இறுக்கி, இடைவெளியை 2 மி.மீ.க்குக் கொண்டுவந்தாச்சு. உப்புத்தாள் தேய்த்ததில் குரோம் உரிந்து துருதான் மிச்சம், கடற்காற்று வேறு. அலாய் ரிம் கேட்டால் 36 போக்ஸ் ஓட்டைதான் காட்டுகிறார்கள். உள்பக்கமாக அழுத்தும் ராடு பிரேக்குக்கு அது எப்படியும் ஒத்துவராது.

முன் சக்கரத்துக்கு மட்டும் டிரம் பிரேக் ஹப் (ரிம்மைத் தொடாமல், சக்கர நடுவில் மூடிய டிரம்முக்குள் பிடிப்பது) வைத்து 32 போக்ஸ் கோத்துத் தரும் மெக்கானிக் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, காசிமேடு பக்கம் யாராவது இருக்கிறார்களா?