போஸ்டர் ஒட்டினால் இனவெறி போய்விடுமா?

தறிநாடா (குயின்ஸ்) எழுதியது:
2020 நவம்பரில் நியூயார்க்கில், புரூக்ளின் பார்க்ளேஸ் சென்டர் சப்வே (பாதாள ரயில்) நிலையத்துச் சுவர்களில் ஆசிய முகங்கள் வரைந்த போஸ்டர்களாக வைத்தார்கள். கண்ணைப் பறிக்கும் நிறங்கள், சுற்றிலும் பூக்கள், "இதுவும் எங்கள் வீடுதான்" என்கிற மாதிரி வாசகங்கள். வரைந்தவர் அமாண்டா பிங்போதிபக்கியா. தாய்லாந்து, இந்தோனேசியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர், மூளை நரம்பியல் படித்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர். நகரத்தின் மனித உரிமை ஆணையம்தான் அவரை வரைய வைத்தது. கொரோனாவைச் சாக்கு வைத்து ஆசிய முகத்தைப் பார்த்தாலே "உன் நாட்டுக்குப் போ" என்று கத்திய காலம் அது. அந்தச் சுவரைத் தாண்டி வேலைக்குப் போனவர்களுக்கு அது பெரிய தெம்பு. இனவெறியை எதிர்ப்பதில் கலையும் ஊர் ஒற்றுமையும் சட்டத்துக்குக் குறைந்தவை அல்ல என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கறார் கந்தசாமி எழுதியது:
வந்துவிட்டேன். நவம்பரில் போஸ்டர், அடுத்த மார்ச் 16-ல் அட்லாண்டாவில் துப்பாக்கிச் சூடு. செத்த எட்டுப் பேரில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். உடனே டைம் இதழ் அதே ஓவியரின் படத்தை அட்டையில் போட்டது. செத்தவர்களுக்கு அதனால் என்ன? ஆசியர்கள் மீதான வெறுப்புச் சம்பவங்களைப் பதிவு செய்யும் ஸ்டாப் ஏஏபிஐ ஹேட் அமைப்புக்கு முதல் ஒரு வருடத்தில் வந்த புகார்கள் மட்டும் கிட்டத்தட்ட 3,800. உருப்படியாக நடந்தது ஒன்றுதான். 2021 மே 20 அன்று பைடன் கையெழுத்திட்ட வெறுப்புக் குற்றச் சட்டம். புகாரைப் பல மொழிகளில் இணையத்தில் கொடுக்க வழி செய்யச் சொன்னது. அது வேலை. சுவரில் பூ வரைவது அலங்காரம்.

தறிநாடா எழுதியது:
சட்டம் சட்டம் என்கிறீர்களே கறார் சார், 1982-ல் டெட்ராய்ட்டில் சட்டம் இல்லையா? வின்சென்ட் சின் என்ற சீன வம்சாவளி இளைஞர். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு நண்பர்களோடு வெளியே போனவரை, கார் தொழிற்சாலை சம்பந்தப்பட்ட இரண்டு வெள்ளையர்கள் பேஸ்பால் மட்டையால் அடித்துக் கொன்றார்கள். ஜப்பான் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரம் ஊரெல்லாம் இருந்த நேரம். அவர் ஜப்பானியரே இல்லை. நீதிபதி கொடுத்த தண்டனை: மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 3,000 டாலர் அபராதம், நீதிமன்றச் செலவு. சிறை கிடையாது. அதற்குப் பிறகுதான் சீனர், ஜப்பானியர், கொரியர், ஃபிலிப்பினோக்கள் என்று ஒருவரோடு ஒருவர் அதிகம் ஒட்டாமல் இருந்தவர்கள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து அமைப்பு கட்டி, வழக்கை மத்திய நீதிமன்றத்துக்கு இழுத்துப் போனார்கள்.

கறார் கந்தசாமி எழுதியது:
கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மத்திய நீதிமன்றம் ஒருவருக்கு 25 வருடம் கொடுத்தது, மேல்முறையீட்டில் அது ரத்தானது, 1987 மறுவிசாரணையில் விடுதலை. கடைசியில் இரண்டு பேரில் ஒருவரும் தண்டனையாக ஒரு நாள்கூட ஜெயிலில் இருக்கவில்லை. ஊர் ஒற்றுமையின் மதிப்பெண் என்ன? பூஜ்யம்.

சூளைமேடு எழுதியது:
அமெரிக்கா இருக்கட்டும். 2020-ல் நம் நாட்டிலேயே வடகிழக்குப் பிள்ளைகளைத் தெருவில் 'கொரோனா' என்று கூப்பிட்டார்களே, அதற்கு யார் போஸ்டர் ஒட்டினார்கள்?

திரிக்காவலர்:
நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குத் தனித் திரி வேண்டும். தொடங்குங்கள், நானே வந்து எழுதுகிறேன். இங்கே அமெரிக்காவோடு நிற்போம்.

எடிசன் அக்கா எழுதியது:
இரண்டு தம்பிகளும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். நான் 1987-ல் கல்யாணமாகி ஜெர்சி சிட்டிக்கு வந்தவள். 'டாட்பஸ்டர்ஸ்' என்று தங்களைச் சொல்லிக்கொண்ட கும்பல், இந்தியர்களை விரட்டுவோம் என்று பத்திரிகைக்கே கடிதம் எழுதிய வருடம். பெயரில் உள்ள 'டாட்' நம் நெற்றிப் பொட்டுதான். தெருவில் இந்துவைப் பார்த்தால், ஆணோ பெண்ணோ, அடிப்போம் என்று அதில் இருந்தது. அந்த செப்டம்பரில் பக்கத்து ஊரான ஹோபோக்கனில் ஓர் இந்திய இளைஞரை அடித்தே கொன்றார்கள். காலையில் வீட்டைவிட்டு இறங்கும்போது ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கைப்பைக்குள் இருக்கும் சின்னக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்வேன். ஆபீஸ் பாத்ரூமில் மறுபடி நெற்றிக்கு வரும். பசை போய்விட்டால் அன்றைக்கு வெறும் நெற்றிதான்.

அப்போது போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகத் தைரியம் இல்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த இந்திய மாணவர்கள் இனவெறிக்கு எதிராக ஓர் அமைப்பு ஆரம்பித்தார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் எங்கள் கட்டடத்தில் பேச்சே ஆரம்பமானது.

கறார் தம்பி பூஜ்யம் என்கிறார். 1977 ஆகஸ்ட் 4, சான் பிரான்சிஸ்கோ, இன்டர்நேஷனல் ஹோட்டல். பெயர்தான் ஹோட்டல். கட்டை பிரம்மச்சாரிகளாகவே வயதாகிப் போன ஃபிலிப்பினோ, சீனத் தொழிலாளிகள் குறைந்த வாடகைக்கு இருந்த இடம். வெள்ளையர் பெண்களைக் கட்டக்கூடாது என்ற சட்டமும், குடியேற்றத் தடைகளும் அவர்களைத் தனிக்கட்டையாக்கி வைத்திருந்தன. அதே கட்டடத்தில்தான் கியர்னி ஸ்ட்ரீட் ஒர்க்ஷாப் என்ற கலைஞர் கூட்டமும் இருந்தது. நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அதே ஸ்கிரீன் பிரிண்டிங்தான் அவர்கள் வேலை. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, மையை ஊற்றி, ரப்பர் கட்டையால் ஒரே இழுப்பு. காலையில் கூட்டம் முடிவானால் சாயங்காலம் சுவரில் நோட்டீஸ். மேல்மாடித் தாத்தாவின் வீடு பறிபோகிறது என்று கீழ்த்தளத்தில் அடித்தார்கள். விடிவதற்கு முன் குதிரைப் போலீஸ் வந்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் கை கோத்துக் கட்டடத்தைச் சுற்றி நின்றார்கள். அந்தக் கூட்டத்தைச் சேர்த்ததில் அந்த நோட்டீஸ்களுக்கும் பங்கு உண்டு.

கறார் கந்தசாமி எழுதியது:
அக்கா சொன்னால் மறுக்கச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அன்று எல்லோரையும் வெளியே தள்ளினார்கள். பிறகு கட்டடத்தையே இடித்தார்கள்.

எடிசன் அக்கா எழுதியது:
இடித்தார்கள். ஆனால் அந்த இடத்தில் வேறு எதுவும் வரவிடாமல் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் விடாமல் நின்றார்கள். 2005-ல் அதே மனையில் வசதி குறைந்த முதியவர்களுக்கு 104 வீடுகள் வந்தன. வெளியே தள்ளப்பட்டவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள், அது உண்மை. பூஜ்யம் என்பது மட்டும் உண்மை இல்லை.

கறார் கந்தசாமி எழுதியது:
சரி, அது குடியிருந்தவர்களே நடத்திய சண்டை. தறிநாடா கொண்டாடுவது நகராட்சி காசில் ஒட்டிய போஸ்டரை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். மன்ஹாட்டன் சைனாடவுனில் பெரிய சிறை கட்டும் திட்டம் போட்ட அதே நகராட்சி, அந்தத் திட்டத்தோடு சேர்த்து அமெரிக்கச் சீனர் அருங்காட்சியகத்துக்கு 3.5 கோடி டாலர் அறிவித்தது. சிறையை நாங்களும் எதிர்த்தோம் என்று நிர்வாகம் சொன்னது. காசை வேண்டாம் என்று சொல்லவில்லை. 2021-ல் அங்கே 'காட்ஜில்லா' என்ற பழைய ஆசிய அமெரிக்கக் கலைஞர் குழுவைப் பற்றிய கண்காட்சி நடக்க இருந்தது. 19 கலைஞர்கள் விலகினார்கள், கண்காட்சியே நின்றது. கலைஞர்களுக்கே நம்பிக்கை இல்லாத இடத்தில் நான் ஏன் கைதட்ட வேண்டும்?

ராப்பாடி எழுதியது:
பாப்கார்னுடன் உட்கார்ந்திருக்கிறேன். கறார் அண்ணன் தன்னை அறியாமல் தறிநாடா கட்சிக்கு வேலை செய்கிறார். அந்த 19 பேர் விலகியதே ஊர் ஒற்றுமைதானே!

தறிநாடா எழுதியது:
அதைத்தான் சொல்ல வந்தேன், ராப்பாடி முந்திக்கொண்டார். நகராட்சி காசு கொடுத்தால் அதில் வரும் ஓவியம் பொய்யாகிவிடாது. காசு கொடுத்தவன் நாளைக்குச் சிறை கட்ட வந்தால் ஓவியன் எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, "நாம் சீனர் இல்லையே, நமக்கென்ன" என்று நினைக்கிற ஐடி நண்பர்களுக்கு. கார்க்கி லீ என்று ஒரு சீன வம்சாவளிப் புகைப்படக்காரர், 2021 ஜனவரியில் கொரோனாவில் போய்விட்டார். 1869-ல் யூட்டாவில் ரயில் பாதை இணைந்தபோது எடுத்த புகழ்பெற்ற படத்தில், அந்தப் பாதையைப் போட்ட ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் தெரியவில்லை என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே உறுத்தல். 2014-ல் அவர்களுடைய வாரிசுகளை அதே இடத்தில் நிறுத்தி மறுபடி எடுத்தார். அவரேதான் 9/11 முடிந்ததும் அமெரிக்கக் கொடியைப் போர்த்திக்கொண்டு அஞ்சலிக்கு வந்த சீக்கியரையும் எடுத்தார். தலைப்பாகை கட்டியவர்களை ஊரே முறைத்த வாரங்கள் அவை. அவர் "இவன் என் ஆள் இல்லை" என்று கேமராவை மூடிவிடவில்லை.

கறார் கந்தசாமி எழுதியது:
புகைப்படம் நல்ல புகைப்படம். 9/11 முடிந்த நான்காம் நாள் அரிசோனாவின் மெசாவில், பெட்ரோல் பங்க் வைத்திருந்த ஒரு சீக்கியரைச் சுட்டுக் கொன்றார்களே, அவரை அது காப்பாற்றவில்லை.

எடிசன் அக்கா எழுதியது:
காப்பாற்றவில்லைதான் தம்பி. தண்டனை வாங்கிக் கொடுப்பது சட்டத்தின் வேலை, அதை யாரும் இங்கே பிடுங்கவில்லை. ஆனால் பயந்து வீட்டுக்குள்ளேயே இருக்கிற கிழவியைச் சட்டம் வந்து பார்க்காது. 2020-ல் நியூயார்க்கில் 'ஹார்ட் ஆஃப் டின்னர்' என்று தொடங்கினார்கள். வெளியே போகப் பயந்த ஆசிய முதியவர்களுக்குச் சூடான சாப்பாடு, காய்கறி, கூடவே அவரவர் மொழியில் கையால் எழுதிய ஒரு கடிதம். பழுப்புக் காகிதப் பைமேல் தன்னார்வலர்கள் படம் வரைந்து அனுப்புவார்கள். என் பேத்தி அவளுக்குத் தெரிந்த ஒரே படத்தை, மாங்காயை, பைக்குப் பை போட்டுத் தள்ளினாள். சீன எழுத்தை மாதிரி பார்த்துப் பார்த்து எழுதினாள், நாக்கு வெளியே நீட்டியபடி.

கறார் கந்தசாமி எழுதியது:
இதை நான் கலை என்று எண்ணவில்லை, சமையல் என்று எண்ணுகிறேன். அதனால் ஆட்சேபம் இல்லை. எனக்கு வரைய வராது, ஞாயிற்றுக்கிழமை கார் சும்மா நிற்கிறது. இந்த மாதிரி பைகளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேவைப்பட்டால் அக்கா தனிமடலில் சொல்லுங்கள். சப்வே போஸ்டரைப் பற்றிய கருத்தில் மாற்றமில்லை.

ராப்பாடி எழுதியது:
பை மேல் மாங்காய் இருக்கும் அண்ணே, பரவாயில்லையா?