ஓரிகன் மட்சுடாக்கேயின் பெயர் மாற்றமும் நியூயார்க்கின் பழைய உலர் மாதிரிகளும்

கேள்வி:
ஓரிகன் பைன் காடுகளில் விளையும் வெள்ளை மட்சுடாக்கே காளானைப் பழைய கையேடுகள் ட்ரைக்கோலோமா மேக்னிவெலாரே என்கின்றன. புதியவை ட்ரைக்கோலோமா முர்ரில்லியானம் என்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயார்க்கில் சேகரித்த மாதிரியை ஒட்டியே இந்த மாற்றம் நிகழ்ந்தது என்று வாசித்தேன். நிறம் கறுத்து, மணம் போய், வற்றலாகச் சுருங்கிவிட்ட காளான் ஒன்று நாட்டின் மறுகோடியில் முளைக்கும் காளானின் பெயரை எப்படித் தீர்மானிக்கும்?

பதில் 1:
ஓர் இனத்துக்கு முதலில் பெயரிட்டவர் எந்த மாதிரியைக் கையில் வைத்து விவரித்தாரோ, அந்த மாதிரியோடுதான் பெயர் என்றென்றும் பிணைந்திருக்கும். அதையே மூலமாதிரி என்கிறோம். 1867 முதல் நியூயார்க் மாநிலத்துக்காகப் பணியாற்றிய சார்லஸ் ஹார்ட்டன் பெக் ஏறத்தாழ 2,700 பூஞ்சை இனங்களை விவரித்தவர்; அவருடைய சேகரிப்பு ஆல்பனியிலுள்ள மாநில அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் 1878இல் அகாரிக்கஸ் மேக்னிவெலாரிஸ் என்று வெளியிட்ட இனத்தையே 1984இல் பூஞ்சையியலாளர் ரெட்ஹெட் ட்ரைக்கோலோமா பேரினத்துக்கு மாற்றினார். அதன்பின் கிழக்கு, மேற்கு, மெக்சிகோ மட்சுடாக்கே அனைத்தும் அந்த ஒரே பெயரில் வழங்கின. அவை மூன்று தனி இனங்கள் என்று 2017இல் ட்ரூடெல் ஆய்வுக் குழுவினர் காட்டியபோது, பெக்கின் மாதிரி கிழக்கைச் சேர்ந்ததால் பெயர் கிழக்கிலேயே நின்றது. மேற்கு இனத்துக்கு, பூஞ்சையியலாளர் முர்ரில்லை நினைத்து மற்றொரு பூஞ்சையியலாளரான சிங்கர் முன்பே இட்ட பெயர் உரியதாயிற்று. மெக்சிகோ இனம் மெசோஅமெரிக்கானம் என்ற புதுப்பெயர் பெற்றது.

பதில் 2:
வற்றலாகிவிட்ட காளானும் பேசும். செவுளிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் நனைத்தால், சுருங்கிய செல்கள் உப்பி, வித்துகளை நுண்ணோக்கியில் அளக்க முடிகிறது. ஆனால் இந்த இனங்களின் வித்துகள் பெரிதும் ஒத்திருப்பதால், அங்கே மரபணுவின் துணை தேவைப்படுகிறது. நூறாண்டு கடந்த மாதிரியில் டி.என்.ஏ. துண்டுதுண்டாக உடைந்திருக்கும், ஆகவே பூஞ்சை இனங்களைப் பிரித்தறிய உதவும் ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. பகுதியைச் சிறு துண்டுகளாகப் பெருக்கிப் பின்னர் இணைத்துப் படிக்கிறார்கள். அதுவும் கைகூடாதபோது, மூலமாதிரி கிடைத்த வட்டாரத்தில் புதிதாகச் சேகரித்து ஒப்பிடுவது வழக்கம். பூச்சி அரிக்காமலிருக்கப் பழைய மாதிரிகள் பலவற்றில் மெர்க்குரிக் குளோரைடு தடவியிருப்பதால் கையுறை அணியாமல் அவற்றைத் தொடக்கூடாது என்பதையும் வலியுறுத்த விரும்புகிறேன்.

பதில் 3:
என்னைப் பொறுத்தவரை மாதிரிக்கு இணையான மதிப்பு அதன் உறையிலுள்ள கையெழுத்துக் குறிப்புக்கு உண்டு. மட்சுடாக்கேயின் இலவங்கப்பட்டை போன்ற மணத்தை எந்த ஆய்வகமும் உலர்ந்த திசுவிலிருந்து மீட்டுத் தர இயலாது. எந்த மரத்தடியில், எவ்வகை மண்ணில் முளைத்தது என்பதும் அவ்வாறே.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நான் உலர்த்தி வைத்திருக்கும் ஆறு உறைகளில் தேதியும் ஊரும் மட்டுமே இருக்கின்றன. எந்த மரத்தடியில் எடுத்தேன் என்பது நினைவிலிருக்கும்போதே இன்றிரவு எழுதிச் சேர்த்துவிடுகிறேன்.